ஏட்டிலே தெளிந்த நீர்

கல்லூரிக்குச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சுற்றுச்சூழல் பாடம் எப்படியென்று. "அதுவா? தேர்வுக்கு முதல்நாள் படித்தால் போதும்" என்பார்கள். வணிகவியல் பயில்வோரும் அப்படியே கூறுவர், பொறியியல் பயில்வோரும் அப்படியே கூறுவர். பிள்ளைகள்மீது பழிபோடுவது எளிது, நாம் போடப்போவதில்லை. பாடத்தை அவர்கள் கையிலே கொடுத்த முறை அப்படி!

இந்தப் பாடம் அமைச்சர் எவரும் மனங்கனிந்து அளித்த கொடையன்று, துணைவேந்தர் எவரும் தவமிருந்து பெற்ற வரமுமன்று. வழக்காடிப் பெற்றது. எம்.சி. மேத்தா எனும் வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்தின் படியேறினார். 1991 நவம்பரில் ஆணை வந்தது. படக்கொட்டகைகளிலே சூழல் பற்றிய செய்தி காட்டப்பட வேண்டும், வானொலியும் தொலைக்காட்சியும் அதனை எடுத்துரைக்க வேண்டும், பள்ளியிலும் கல்லூரியிலும் அது கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது மன்றம். ஆணை பிறந்தது, பாடம் பிறக்கவில்லை! 2003இல் மேத்தா மீண்டும் முறையிட, மன்றம் மீண்டும் வற்புறுத்த, பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடம் மெல்ல மெல்லக் கல்லூரி வாயிலைக் கடந்தது.

பாடத்திட்டத்தைக் குறைகூற நாம் முற்படவில்லை. எட்டு அலகுகள், 50 வகுப்புகள். அவற்றுள் எட்டாவது அலகைப் படித்தால் வகுத்தவரைப் பாராட்டவே தோன்றும். ஊரிலுள்ள ஆற்றையோ காட்டையோ குன்றையோ நேரிலே சென்று காண்க. மாசடைந்த இடமொன்றைச் சென்று பார்த்துக் குறித்து வருக. குளத்தின் உயிர்களை ஆய்க. இதற்கென ஐந்து வகுப்பு நேரம். 100 மதிப்பெண்ணில் 25 இந்தக் களப்பணிக்கே. நான்கில் ஒரு பங்கு!

நடப்பதென்ன? களப்பணி பதிவேட்டிலே நடக்கிறது. சென்ற ஆண்டு மாணவன் எழுதியது இந்த ஆண்டு மாணவன் கைக்கு வருகிறது. எழுத்து மாறுகிறது, எழுதப்பட்டது மாறுவதில்லை. குளத்திலே தாமரை பூத்திருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. குளமிருந்த இடத்திலே பேருந்துகள் வந்து நிற்கின்றன! எல்லாக் கல்லூரியும் இப்படியென்று கூறமாட்டோம். வெயிலிலே மாணவரை அழைத்துச்சென்று சதுப்பு நிலத்தைக் காட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அவர்கள் விலக்கு, விதியல்லர்.

பதிவேடு பொய்யானால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்போருக்கு, அதே 1991இல் தொடுக்கப்பட்ட மற்றொரு வழக்கை நினைவூட்டுகிறோம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு அது. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஆலைகள் கழிவு நீரை ஆற்றிலும் வயலிலும் விடுகின்றன, குடிநீர் கெட்டது, நிலம் கெட்டது என்பது முறையீடு. 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பு வந்தது. அந்த ஏட்டைப் புரட்டினால் அடுக்குமொழி அதிகமில்லை, எண்ணிக்கை இருக்கிறது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டது, ஓரளவோ முற்றுமோ பயிரிடத் தகுதியிழந்த நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர். தொண்டமைப்பு ஒன்று திண்டுக்கல் வட்டாரத்தில் 13 ஊர்களுக்குச் சென்று எண்ணியது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

"தண்ணீர் மாசுபடுகிறது" என்று எவரும் எழுதலாம். ஆலையதிபர் புன்னகை புரிவார். "467இல் 350" என்று எண்ணிச் சொன்னால் புன்னகை மறையும்! கிணறு கிணறாகச் சென்று எண்ணியவர்கள் செய்தது என்ன? எட்டாவது அலகு மாணவரைச் செய்யச் சொல்கிறதே, அதே வேலை! முன்னெச்சரிக்கை நெறியும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டுமெனும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அந்தத் தீர்ப்பிலேதான் மன்றம் அறிவித்தது. இன்று நம் மாணவன் அந்த நெறிகளை மனப்பாடம் செய்கிறான்; அவை எந்தக் கிணற்றிலிருந்து இறைத்தெடுக்கப்பட்டவை என்பதை அறியான்.

துணிப்பை ஏந்து, மரக்கன்று நடு, குழாயைத் திறந்துவிடாதே என்று கற்பிக்கிறார்கள். நல்லதுதான், செய்யட்டும். ஆனால் 350 கிணறுகளைக் கெடுத்தது துணிப்பை ஏந்த மறந்த கிழவியா? குற்றத்தை ஊரார் அனைவர்க்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் எவர் தலையிலும் கனமாக விழாது. ஆலை வைத்திருப்போருக்கு இதைவிட இனிய பாடம் வேறென்ன வேண்டும்?

பயிலும் பிள்ளைகள் அளந்த அளவு நம்பத்தக்கதா என்று கேட்பார்கள். குடிநீரிலே கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீரில்லாவிடில் 2,000 வரை பொறுக்கத்தக்கது என்பது இந்தியத் தர அளவு. அதைக் காட்டும் கைக்கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது காட்டும் எண்ணைக் கொண்டு எவரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. அரசின் ஆய்வுக்கூடத்தை அந்தக் கிணற்றடிக்கு வரவழைத்தால் போதும். உண்மையான அச்சம் வேறு. கல்லூரியின் ஆட்சிக்குழுவிலே ஆலைக்கு உரியவர் அமர்ந்திருந்தால், அவர் ஆலைக் கழிவை அளக்க மாணவரை அனுப்பும் துணிவு எந்த ஆசிரியருக்கு வரும்? ஆகவே, அளப்பது ஆசிரியரின் துணிவைப் பொறுத்ததாக இருத்தலாகாது. பல்கலைக்கழகம் இடும் கட்டளையாதல் வேண்டும்.

2025 சனவரியிலும் வேலூர் ஆலைகள் பற்றி உச்சநீதிமன்றம் மறுபடி தீர்ப்புரைக்க நேர்ந்தது. விடுபட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்குக, அதனை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். அந்த இடைக்காலத்திலே எத்தனை அணி மாணவர்கள் சுற்றுச்சூழல் பாடத்திலே தேறி, அந்தப் பாலாற்றுப் பாலத்தின் மீதே பேருந்தேறிப் போயிருப்பார்கள்!

2023இல் மானியக் குழு புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றைக் கொண்டு பாடம் திருத்தும் பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. கல்லூரியைச் சுற்றியுள்ள கிணறுகளின் பட்டியல் ஒன்று நூலகத்தில் இருக்கட்டும். ஆண்டுதோறும் அதே கிணறுகள், அதே மாதத்தில் அளக்கப்படட்டும். ஊரார் எவர் வந்து கேட்டாலும் ஏடு விரிக்கப்படட்டும். படியொன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் செல்லட்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இல் கிராமசபை கூட்டும் ஏற்பாடு தமிழகத்தில் உண்டு. அங்கே ஒரு மாணவி எழுந்து, எந்தத் தெருவின் எந்தக் கிணற்றிலே எவ்வளவு உப்பு, சென்ற ஆண்டு எவ்வளவு என்று படித்துக் காட்டட்டும். அந்த 25 மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள்.