மாரியோவை நூலகத்துக்குள் விடுங்கள்

கோடை விடுமுறைக்குப் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். ஒன்பது வயது. போன வாரம் காலை பேப்பர் படிக்க நூலகத்துக்குப் போனபோது அவனையும் கூட்டிப் போனேன். அவன் கையில் மாரியோ படக்கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆங்கிலம். என்னைப் போலவே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் அதை வாங்கி நாலு பக்கம் புரட்டினார்.

"இதெல்லாம் ஒரு புக்கா சார்? செல்லுல ஆடற ஆட்டத்தக் காயிதத்துல அடிச்சு விக்கறான். நீங்களே வாங்கிக் குடுத்தா எப்படி?"

சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்பதால் அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன். நண்பர் கோபித்துக்கொண்டாலும் சரி.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் எழுத்துக்கூட்டாமல், ஒரே மூச்சில் படித்து முடித்த முதல் புத்தகம் எது? திருக்குறள் என்று சொல்லாதீர்கள். எனக்கு அது இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. அடுத்த வருடம் ரதசப்தமிக்கு அண்ணாமலையார் நம்ம செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வந்தபோது மாமா கொடுத்த திருவிழாக் காசை ராட்டினத்தில் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்து, போளூர் பஸ் நிலையக் கடையில் அதை வாங்கினேன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் மனிதன்! அப்பா கண்ணில் பட்டது, அடுப்புக்குப் போனது. அடுத்ததை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அந்த மாயாவி யார்? தமிழனா? இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் 1962-இல் வெளிவரத் தொடங்கியவன். படம் போட்டவர் ஸ்பெயின்காரர். பத்திரிகை விற்க வேண்டும், காசு வர வேண்டும் என்று உண்டாக்கிய சரக்குதான் அதுவும். ஆனால் சிவகாசியில் அவன் தமிழ் பேசினான். 'ஆய்வுக்கூடம்', 'சதி', 'தலைமறைவு' என்ற சொற்களை எனக்குக் கற்றுக்கொடுத்தது தமிழ் ஐயா இல்லை, அவன்தான்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஆசிரியரான பிறகு, எண்பதுகளில், பையன்களின் பையிலிருந்து ராணி காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் பிடுங்கி மேஜை அறைக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டு வேளையில் அதையே எடுத்துப் படித்தும் இருக்கிறேன். ஜேம்ஸ் பாண்ட் கதையைப் பிடுங்கியபோது ஒரு பையன் கேட்டான்: "சார், நாளைக்காவது குடுப்பீங்களா? இன்னும் நாலு பக்கம்தான் சார்." கொடுக்கவில்லை. பாடப் புத்தகத்தில் இன்னும் நாலு பக்கம் என்று எவனாவது கெஞ்சி நான் கேட்டதே கிடையாது. அந்த நாலு பக்கம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இப்போது மாரியோவுக்கு வருவோம். இந்த மீசைக்காரர் நமக்குப் புதியவர் அல்ல. தொண்ணூறுகளில் டிவியோடு இணைத்து, மஞ்சள் கேசட்டைச் செருகி என் மகன் ஆடியது இவரைத்தான். இவர் பிறந்த கதையே வேடிக்கை. கீரை தின்று பலம் பெறும் மாலுமி பாப்பாயை வைத்து விளையாட்டு செய்ய ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி நினைத்தது. உரிமை கிடைக்கவில்லை. அந்த இடத்தை நிரப்ப ஷிகெரு மியாமோட்டோ என்பவர் ஒரு குரங்கையும், ஒரு பெண்ணையும், ஒரு மீசைக்காரரையும் புதிதாக உண்டாக்கினார். 1981-இல் வந்த 'டாங்கி காங்' அதுதான். அந்த மீசைக்காரர்தான் பிறகு மாரியோ ஆனார். ஆக, விளையாட்டின் நாயகனே ஒரு படக்கதை கிடைக்காததால் பிறந்தவர். அவர் திரும்பப் படக்கதைக்குள் போனால் அது தாய்வீடு போவது மாதிரிதான்.

ஜப்பானில் மாரியோவின் படக்கதை ஒன்று 1990 முதல் வந்துகொண்டிருக்கிறது. தொகுதிகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. அமெரிக்காவில் சோனிக் என்ற நீல முள்ளெலிக்கு 1993-இலிருந்து 2017 வரை 290 இதழ்கள் வந்தன. நம் நாட்டுக் கதையும் உண்டு. 2013-இல் 'அசாசின்ஸ் கிரீட்' விளையாட்டை ஒட்டி, ரஞ்சித் சிங் காலத்துப் பஞ்சாபை வைத்து ஒரு படக்கதை வந்தது. அதன் நாயகனை வைத்து 2016-இல் விளையாட்டும் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான்.

ஜப்பான் பையன் விளையாட்டை அணைத்துவிட்டுக் கையில் எடுக்கும் புத்தகம் அவன் தாய்மொழியில் இருக்கிறது. நம் பையன் எடுப்பது ஆங்கிலம், அதுவும் நூற்றுக்கணக்கில் விலை. முடியாதவன் திரும்பச் செல்லையே எடுக்கிறான். பிறகு நாம் திண்ணையில் உட்கார்ந்து "இந்தக் காலத்துப் பசங்க தமிழே படிக்கறதில்லை" என்று புலம்புகிறோம். படிக்க என்ன வைத்தோம்?

இது கம்பெனி விளம்பரம் என்கிறார் நண்பர். ஓரளவு உண்மைதான். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தக் கதவு திறக்கும் என்று மட்டும் சொல்லும் புத்தகத்தை நானும் வாங்க மாட்டேன். கதை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாமே. வடிகட்டத்தானே நூலகர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார்?

நம் கதைகள் இல்லையா என்கிறார். இருக்கின்றன, வேண்டும். ஆனால் குழந்தை தனக்குத் தெரிந்த முகத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரும். மாயாவியைப் படித்த நான் பின்னால் கல்கிக்கும் ஜெயகாந்தனுக்கும் வந்தேன். பர்வதமலையில் ஏறுகிறவன் முதலில் படிக்கட்டில்தான் கால் வைக்கிறான். எடுத்த எடுப்பில் கடப்பாறைப் படியில் யாரும் தொங்குவதில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பேரன் கேட்டான்: "தாத்தா, இது தமிழ்ல இல்லையா?" அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் திணறுவான். நான் திருவண்ணாமலையில் தேடிய கடைகளில் இல்லை. சரி என்று வெள்ளைத் தாளைச் சின்னச் சின்னதாக வெட்டி, மாரியோ பேசுவதைத் தமிழில் எழுதி, வசனக் கூண்டுகளின் மேல் ஒட்டினேன். எட்டுப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. பையன் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி எட்டுப் பக்கமும் படித்தான். 'ழ' வந்த இடத்தில் நின்றான், கேட்டான், மேலே போனான். முடித்துவிட்டு, "மிச்சத்தை எப்போ ஒட்டுவீங்க?" என்றான். நாற்பது வருடத்துக்கு முன் நான் கொடுக்காத நாலு பக்கம் நினைவுக்கு வந்தது.

ஓய்வு பெற்ற ஒரு கிழவன் பசையும் கத்தரிக்கோலுமாக எத்தனை பக்கம் ஒட்ட முடியும்? இது பதிப்பகங்கள் செய்ய வேண்டிய வேலை. வெளிநாட்டுப் படக்கதைகளுக்கு உரிமை வாங்கித் தமிழில் போட முடியும் என்று சிவகாசி ஐம்பது வருடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. வாங்குவார்களா என்று அவர்கள் தயங்கினால், நூலகங்கள் வாங்கட்டும். வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்தக் காசில் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. ஜமுனாமரத்தூர் மலைக்குப் போய்ப் பாருங்கள், அங்கேயும் பிள்ளைகள் செல்லில் ஆடுகிறார்கள். அவர்கள் அப்பாக்களால் விலை கொடுத்து ஆங்கிலப் புத்தகம் வாங்க முடியாது.

நண்பருக்கு ஒன்றே ஒன்று. சார், அடுத்த முறை ஒரு பையன் கையில் மாரியோவைப் பார்த்தால் பிடுங்காதீர்கள். தமிழில் ஏன் இல்லை என்று என்னோடு சேர்ந்து கேளுங்கள். நூலகத்தில் ஆலோசனைப் பதிவேடு இருக்கிறது. நாளைக் காலை நான் எழுதப் போகிறேன். கீழே உங்கள் கையெழுத்துக்கும் இடம் விட்டு வைக்கிறேன்.