வாளிற் பொறித்த வாக்குறுதி

நூதனசாலைகளிலே கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கும் பழைய பிரித்தானிய இராணுவ வாள்களை ஊன்றி நோக்குவோர், கைப்பிடிக்கு அண்மையில், அலகின் அடிப்பாகத்திலே சிறு சித்திரமொன்றைக் காண்பதுண்டு. ஒன்றோடொன்று பின்னிய இரு முக்கோணங்கள். அவற்றின் நடுவிலே பித்தளையாலான ஒரு சிறு பொட்டு. இதனைக் கண்டவுடன் அவரவர் உள்ளத்தில் அவரவர்க்குப் பழக்கமான பொருளே தோன்றும். நம்மவர் முருகப் பெருமானுக்குரிய அறுகோணச் சக்கரம் என்பர். யூதர் தாவீது மன்னனின் விண்மீன் என்பர். முஸ்லிம்கள் சுலைமான் நபியின் முத்திரை என்பர். இரகசியச் சங்கங்களைப் பற்றிய கதைகளில் நாட்டமுள்ளோர், வாளுக்குரியவன் பிரீமேசன் சங்கத்தைச் சேர்ந்தவன் என்று அடித்துச் சொல்வர்.

வாளைச் செய்தவனைக் கேட்டால் அவன் இவற்றுள் ஒன்றையுஞ் சொல்லான். "இந்த அலகை நான் சோதித்துப் பார்த்தேன், இது முறியாது" என்பதே அவன் சொல்ல விரும்பியது. சோதனைக்கு அடையாளம் நடுவிலுள்ள பித்தளைப் பொட்டு. சுற்றியுள்ள விண்மீன் அப்பொட்டுக்கு இடப்பட்ட அலங்காரச் சட்டம். அதனாலேதான், வாளுக்குரியவர் எந்தச் சமயத்தவராயினும் அது ஒரே வகையாகப் பொறிக்கப்பட்டது.

போர்வாள்களிலே காணப்படும் குறிகள் பலவும் இத்தகையனவே. அவை முன்பின் அறியாத ஒருவனுக்குத் தொழிலாளி கொடுக்கும் வாக்குறுதிகள். அவ்வாக்குறுதி ஏன் வேண்டும்? அரிசி வாங்குபவர் அள்ளிப் பார்க்கலாம். புடைவை வாங்குபவர் தொட்டுப் பார்க்கலாம். உருக்கின் தரத்தையோ கண்ணாலுங் கையாலும் அறிதல் அரிது. தீட்டி மெருகிட்டபின் நல்ல வாளும் தீய வாளும் பார்வைக்கு ஒன்றே. காய்ச்சிய அலகுக்குத் தோய்ச்சல் கொடுக்கும்போது கடினம் மிகுந்தால் அது கண்ணாடிபோல் முறியும். குறைந்தால் வளைந்து, வளைந்தபடியே நிற்கும். வளைத்து விட்டவுடன் தானாகவே நிமிரும் அலகே நல்லலகு. இந்த வேறுபாடு போர்க்களத்திலே தெரியவரும். ஆனால் அங்கே தெரியவந்து யாருக்கு என்ன பயன்?

ஐரோப்பாவிலே புகழ்பெற்ற பழைய வாக்குறுதிகளுள் ஒன்று ஒரு பெயராகும். கி.பி. 9 ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11 ஆம் நூற்றாண்டு வரையிலான வாள்கள் பலவற்றிலே 'உல்பெர்ட்' என்னும் பெயர் இலத்தீன் எழுத்துகளிற் காணப்படுகின்றது. இரும்புக் கம்பியைக் காய்ச்சி அலகோடு அடித்து இணைத்து அவ்வெழுத்துகளை அமைத்தனர். இத்தகைய வாள்கள் ஏறக்குறைய 170 கண்டெடுக்கப்பட்டுள்ளன. நோர்வே முதலிய வடநாடுகளிலே பல கிடைத்தன. ஒரு மனிதன் இருநூறு ஆண்டு வாழ்ந்து வாள் அடித்திருத்தல் இயலாது. ஆகவே ஒருவனுடைய பெயர் காலப்போக்கிலே ஒரு பட்டறையின் பெயராக, தரத்தின் பெயராக மாறியது என்பது தெளிவு.

இவ்வாள்களிற் சிலவற்றை அலன் வில்லியம்ஸ் என்னும் உலோகவியலறிஞர் ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டிலே தம் முடிபுகளை வெளியிட்டார். பெயரின் இறுதி எழுத்துக்கு முன்னே சிலுவைக்குறி அமைந்த வாள்கள் பல, மூசையிலிட்டு உருக்கிய உயர்ந்த உருக்கினாற் செய்யப்பட்டிருந்தன. அக்காலத்திலே அத்தகைய மூசை உருக்கு ஐரோப்பாவில் ஆக்கப்படவில்லை, கீழைத்தேசங்களிலேயே ஆக்கப்பட்டது. தென்னிந்தியாவும் இலங்கையும் அத்தொழிலிலே பண்டு பெயர்பெற்றவை. ஆனால் சிலுவைக்குறி இறுதி எழுத்துக்குப் பின்னே அமைந்த வாள்களோ பெரும்பாலும் தரங்குறைந்த இரும்பினாலும் உருக்கினாலும் ஆனவை. ஒரு சிறு குறி முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் எழுத்தறியாத வீரனுக்கு ஒன்றாகவே தோன்றியிருக்கும். போலி செய்வோன் வாழ்வது அந்த அறியாமையிலேதான்.

பெயருக்குப் பின் படம் வந்தது. டான்யூப் நதிக்கரையிலே ஜேர்மனியைச் சேர்ந்த பஸ்ஸாவு என்னும் நகரம் உண்டு. அந்நகரின் சின்னம் செந்நிற ஓநாய். இடைக்காலத்திலே அங்கிருந்த வாட்கொல்லர், தம் அலகுகளில் ஓடும் ஓநாயொன்றின் உருவத்தைச் சில உளிவெட்டுகளாலே கீறி, அவ்வெட்டுகளிற் பித்தளையை நிரப்பினர். 'இது பஸ்ஸாவு நகரத்து வாள்' என்பதற்குமேல் அதற்குப் பொருளில்லை. ஆனால் நாளடைவிலே போர்வீரர் அதனை ஒரு காப்பு என நம்பத் தலைப்பட்டனர். ஓநாய் பொறித்த வாளை ஏந்துவோனை ஆயுதம் தீண்டாது என்றனர். 17 ஆம் நூற்றாண்டிலே, உடலைக் காக்கும் என்று மந்திரம் எழுதிய கடதாசித் துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் போர்வீரரிடையே பரவியது. அதற்கும் 'பஸ்ஸாவு வித்தை' என்றே பெயர் வழங்கிற்று. தொழிற்றிறமையின் புகழ் மாயத்தின் புகழாகத் திரிந்த விதம் இது.

புகழுள்ள இடத்துக்குப் போட்டியும் வரும். சோலிங்கன் நகரத்து வாட்கொல்லரும் அதே ஓநாயைத் தம் அலகுகளிற் கீறினர். அவர்களுட் சிலர் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இங்கிலாந்தின் சொட்லி பிறிட்ஜ் என்னும் ஊரிற் குடியேறியபோது ஓநாயும் அவர்களோடு கடல் கடந்தது. அதற்கு முன்னரே இறக்குமதியான வாள்களில் அவ்வுருவத்தைக் கண்ட ஆங்கிலேயருக்கு அது நரிபோலத் தோன்றியது. சேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்திலே வாளுக்கு 'நரி' என்னும் பெயர் வருவதற்கு இதுவே காரணம் எனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

பெயரையுந் திருடலாம், படத்தையுந் திருடலாம். அப்படியாயின் வாக்குறுதியை நம்புவதெங்ஙனம்? இக்கேள்விக்கு விடை சோதனை ஒன்றே என்பதை நிறுவியவர் பேர்மிங்ஹாம் நகரத்து வாட்டொழிலாளர் தோமஸ் கில். 1783 ஆம் ஆண்டிலே இலண்டன் வாள்வணிகர், ஆங்கில வாள்கள் தரமற்றவை எனக் கூறி, ஜேர்மன் வாள்களைத் தீர்வையின்றி இறக்குமதி செய்ய அனுமதி கேட்டனர். கில் அதனைக் கேட்டு வாளாவிருக்கவில்லை. ஜேர்மன் வாளுக்கு ஈடான வாளைத் தாம் தரமுடியும் என்றும், எல்லோருடைய வாள்களையும் ஒருங்கே சோதிக்க வேண்டும் என்றும் விண்ணப்பித்தார்.

1786 இலே கிழக்கிந்தியக் கம்பனி குதிரைப்படைக்கு வாள்களை வாங்க முற்பட்டபோது அச்சோதனை நிகழ்ந்தது. 36 அங்குல அலகை ஒரு பொறியிலே வைத்து, அதன் நீளம் 29½ அங்குலமாகக் குறுகும்வரை வளைத்தனர். கில் கொடுத்த 2,650 வாள்களிலே தள்ளப்பட்டவை நான்கு மாத்திரமே. ஜேர்மன் வாள்கள் 1,400 இலே 28 தள்ளப்பட்டன. மற்றை ஆங்கிலத் தொழிலாளர் கொடுத்த 2,700 இலே 1,084 தள்ளப்பட்டன. அஃதாவது பத்துக்கு நான்கு. அச்சோதனை நிகழாதிருந்தால் அந்த 1,084 வாள்களும் மெருகு குன்றாமற் கப்பலேறியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒருவன் நம்பி ஏந்தியிருப்பான். தம் வாள் ஒருபோதும் தவறாது என உறுதி கூறும் வாசகத்தைக் கில் தம் அலகுகளிலே பொறித்தார். அவ்வாறு பொறிக்க அவருக்கு உரிமையிருந்தது.

அடுத்த நூற்றாண்டிலே இலண்டன் வாட்டொழிலாளர் ஹென்றி வில்கின்சன், அலகுகளைச் சோதிப்பதற்கென ஓர் இயந்திரத்தை அமைத்தார். அவருடைய நிறுவனத்திலே சோதனையில் தேறிய வாளுக்கே பித்தளைப் பொட்டுப் பதிக்கப்பட்டது. நாம் தொடக்கத்திற் கண்ட பொட்டு இதுவே. 1850 களின் நடுப்பகுதி தொடக்கம் ஒவ்வொரு நல்ல வாளுக்கும் ஓர் எண்ணும் இடப்பட்டு, வாங்கியவர் பெயரோடு ஏட்டிற் பதியப்பட்டது. அந்நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலே வாட்டொழிலைக் கைவிட்டது. எனினும் அவ்வெண்ணைக்கொண்டு வாளின் முதல் உரிமையாளர் யாவர் என்பதைப் பலமுறையும் இன்றுங் கண்டறிய முடிகின்றது. வேறு கடைக்காரரும் பொட்டும் விண்மீனும் பதித்து வாள் விற்றனர். ஆனால் பொட்டுக்குப் பின்னாலிருந்த சோதனையின் கடுமை கடைக்குக் கடை வேறுபட்டது.

சாதாரண வீரருக்கு அரசாங்கம் கொடுத்த வாள்களிலே வேறு குறிகள் இருந்தன. அகன்ற அம்புமுனை, அது அரசாங்கச் சொத்து என்பதைக் குறிக்கும். முடியுருவும் அதன் கீழே எழுத்தும் எண்ணும், எவ்விடத்து எந்தப் பரிசோதகர் அதனை ஏற்றார் என்பதைச் சொல்லும். பெருக்கற்குறி, வளைத்துப் பார்த்த சோதனையில் அது தேறியது என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால் அது சேவையினின்றும் நீக்கி விற்கப்பட்டது என்பது பொருள். ஒரு வாளின் பிறப்பு, தேர்வு, ஓய்வு ஆகிய மூன்றையும் இச்சிறு குறிகளில் வாசித்துவிடலாம்.

எனினும் குறி இருந்தாற் போதும் என்று எண்ணுவோர்க்கு 1885 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆந் திகதி ஒரு கசப்பான பாடத்தைக் கற்பித்தது. அன்று சூடான் நாட்டில் அபுக்கிளே என்னுமிடத்திலே பிரித்தானியப் படை கைகலந்து போரிட்டபோது, துப்பாக்கி முனையிற் பொருத்தும் குத்துவாள்கள் சில வளைந்துபோயின. வீரர்களின் உயிர் தொங்கிய வேளையிலே வாக்குறுதி பொய்த்தது. செய்தி எட்டியதும் இங்கிலாந்திலே பத்திரிகைகளும் பாராளுமன்றமும் கொதித்தெழுந்தன. படைக்கலங்களை மீளச் சோதிக்க வேண்டியதாயிற்று. உலோகத்திலே பொறித்த குறி அழியவில்லை. அதனைத் தாங்கிநின்ற கண்காணிப்பே தேய்ந்திருந்தது.

வாள்கள் இன்று அணிவகுப்பு மரியாதைக்கும் நூதனசாலைக்கும் உரியவையாகிவிட்டன. ஆனால் முத்திரைகள் மறையவில்லை. நகையிலே தங்கத்தின் மாற்றைக் காட்டும் எண்ணும், மின்கருவியிலே தர நிர்ணய அடையாளமும், மருந்துப் பெட்டியிலே முடிவுத் திகதியும், மாணவர் கையிலே சான்றிதழும் அந்தப் பித்தளைப் பொட்டின் வழித்தோன்றல்களே. உள்ளே இருப்பதை நாம் காணமுடியாதபோது, கண்டவர் ஒருவர் இடும் கையொப்பம் அது. ஆதலின் எந்த முத்திரையைக் கண்டாலும் அதன் அழகை வியப்பதோடு அமையாது, "இதனை இட்டவர் யார்? இடுமுன் எதைச் சோதித்தார்?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோமாக. நாமே ஒன்றிற்கு ஒப்பமிடும் நாள் வரும்போது, அதனை நம்பி ஏந்தப்போகும் முன்பின் அறியாத ஒருவனின் கையையும் நினைத்துக்கொள்வோமாக.