கல்லாவை விட்டு எழுந்து பாருங்கள்!

 

கூரம், காஞ்சி வட்டாரத்துப் பட்டுத் தறியைப் பாருங்கள். ஒரு காலத்தில் உதவியாள் ஒருவர் பக்கத்தில் இருந்து 'அடை' நூல்களைத் தூக்கிக் கொடுத்தால்தான் கரையில் உரு விழும். ஜக்கார்டு வந்தது, துளையிட்ட அட்டை அந்த வேலையைச் செய்தது. இன்று சில தறிகளில் அட்டையும் போய் கம்ப்யூட்டர் உருக் கொடுக்கிறது. ஆனாலும் நெசவு கைநெசவுதான். 2005-06ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நம் வணிகர்களும் மாறியவர்கள்தாம். 1996ல் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு நிலையம் அமை, இல்லையேல் மூடு என்றது. வாணியம்பாடியும் ஆம்பூரும் அதற்குப் பிறகும் தொழிலில் நிற்கின்றன. (பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியது தனிக் கணக்கு.)

இப்போதோ, "வாப்பா காலத்திலிருந்து இப்படித்தான்" என்று கல்லாவில் சாய்ந்து கிடக்கிறோம். ஜி.எஸ்.டி. 2017ல் வந்துவிட்டது. நோட்டீஸ் வந்த பிறகுதான் ஆடிட்டரைத் தேடுகிறோம்!

இளைஞர்களே! 2007ல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு உங்கள் சாதிச் சான்றிதழிலிருந்து தொடங்குகிறது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகா தாலுகா ஆபீசுக்கு ஓடுவது? வீதியில் நின்று வாங்கியதை மனுப் போடச் சோம்பி இழக்கலாமா? அர்ரஃது அத்தியாயத்தின் 11வது வசனத்தை மேடைதோறும் ஓதுகிறோம். அது யாருக்கு இறங்கியது என்று நினைக்கிறோம்?

ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இருவர் ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம் உட்காருங்கள். சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பட்டியலை இந்த மாதமே எடுங்கள்.