மல்லிக்கு ரெண்டு வாய்

பாட்டி இறந்துபோனால் லீவு உண்டு. (சிலருக்கு வருஷத்துக்கு இரண்டு பாட்டி.) முயல் இறந்துபோனால் உண்டா? பெரும்பாலான ஆபீஸ் ரூல் புத்தகங்களில் இல்லை. எங்கள் செக்‌ஷனில் போன மாதம் அந்தக் கேள்வி வந்தது.

பக்கத்து சீட் இளைஞர் இரண்டு முயல் வளர்த்தார். அப்பு, மல்லி. ஒரு திங்கட்கிழமை இரவு அப்பு போய்விட்டது. மறுநாள் மத்தியானம் அவர் மேனேஜர் முன் போய் நின்று, "சார், நேத்து ராத்திரியிலேர்ந்து மல்லி எதுவும் தின்னலை. டாக்டர்கிட்ட போகணும், அரை நாள் வேணும்" என்றார். செக்‌ஷனே சிரித்தது. "ஒரு கேரட் வாங்கிக் குடுப்பா, சரியாயிடும்" என்றார் ஒரு சீனியர். மேனேஜர் மட்டும் சிரிக்காமல், "போயிட்டு வாப்பா" என்றார். அவர் வீட்டில் நாய்.

கேரட்டில் சரியாகிற விஷயமில்லை இது. துக்கத்தில் நாம் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் இளைப்போம், அவ்வளவுதான். முயலுக்கு அந்த வசதி இல்லை. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தீனி நின்றால் குடல் நிற்கும், வாயு கட்டும், அந்த வலியில் இன்னும் தின்னாது. முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றாலே எமர்ஜென்சி.

நாயைப் போல அது ஊளையிடவும் செய்யாது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகிற பிராணி. வலியை வெளியே காட்டினால் கதை முடிந்தது. ஆகவே அதன் துக்கத்தைக் கண்ணில் தேடாதீர்கள், புழுக்கையில் தேடுங்கள். சிறுத்துவிட்டதா, குறைந்துவிட்டதா, நின்றேவிட்டதா?

மல்லிக்கு ஊசி போட்டு, தீனியைக் கூழாக்கி சிரிஞ்சில் ஊட்டச் சொல்லி அனுப்பினார் டாக்டர். நண்பர் ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து ஊட்டினார். வியாழக்கிழமை ஆபீசுக்குள் நுழையும்போதே, "சார், போட்டுடுச்சு!" என்றார். எதை என்று யாரும் கேட்கவில்லை.

முயல் வளர்ப்பவர்களுக்கு, அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். இறந்ததை உடனே புதைத்துவிடாதீர்கள். தொற்று நோயில் போகவில்லை என்றால், மற்றதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள். மோந்து பார்க்கும், நக்கும், பிறகு தானே விலகிவிடும். அப்புறம் மூலை மூலையாகத் தேடுவது குறையும் என்கிறார்கள். கூண்டை இடம் மாற்றாதீர்கள். தூக்கிக் கொஞ்சாதீர்கள், அதற்குப் பயம். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், போதும். புல்தான் அதற்குச் சாப்பாடு, கேரட் வெறும் ஸ்வீட். ஆசை காட்ட ஒரு கொத்து கொத்தமல்லி வைக்கலாம்.

அடுத்த துணைக்கு அவசரம் வேண்டாம். புதிதை நேரே கூண்டுக்குள் விட்டால் ரத்தக்களறிதான். முதலில் நடுவில் கம்பி வலை வைத்துப் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு. அப்புறம், கோயிலில் பெண் பார்க்கிற மாதிரி, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திப்பு. முக்கியமாக கு.க. ஆபரேஷன். மறந்தால் 31 நாளில் அரை டஜன் குட்டி.

சாவு வீட்டில் கவனித்திருப்பீர்கள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, ஓர் அத்தை மட்டும் காபி டம்ளரோடு வந்து, "ரெண்டு வாய் குடிம்மா" என்று நகராமல் நிற்பாள். ஆறுதல் வார்த்தையெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால், மிச்சமிருக்கிறவரைப் பிழைக்க வைப்பது அவள்தான்.

முயலுக்கு அத்தை கிடையாது. சிரிஞ்சோடு நீங்கள்தான் நிற்க வேண்டும்.