தேடுதளத்துக்கும் நிகண்டு வேண்டும்

சிங்கப்பூரில் ‘தாதியர்’ என்கிறோம். தமிழ்நாட்டில் ‘செவிலியர்’ என்கிறார்கள். பேச்சில் இரண்டு இடங்களிலும் ‘நர்ஸ்’ புழங்குகிறது. இங்கே ‘டெங்கி’, அங்கே ‘டெங்கு’. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் செய்தித் தலைப்பில் ‘வீவக’ ஆகிவிடுகிறது. இவையெல்லாம் ஒன்றே என்பது நமக்குத் தெரியும். கணினிக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

ஒப்படைப்புக்குத் தகவல் திரட்டும் மாணவர்களுக்கு இது சிறிய சிக்கலன்று. ‘சிங்கை நேசன்’ 1887ஆம் ஆண்டிலேயே இங்கு வெளிவந்தது. கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசைத் தொடங்கினார். பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கிப் பாதுகாத்து வருகிறது. ஆனால், அக்காலத் தமிழில் ‘உபாத்தியாயர்’, ‘ஆஸ்பத்திரி’, ‘பிரசங்கம்’ போன்ற சொற்கள் மிகுதி. ‘ஆசிரியர்’, ‘மருத்துவமனை’, ‘சொற்பொழிவு’ என்று மட்டுமே தேடும் இன்றைய மாணவர், ‘இதைப் பற்றி அன்று யாரும் எழுதவில்லை’ என்று முடிவு செய்துவிடக்கூடும். செய்தி இருக்கும், அவர் கண்ணில் படாது.

இதற்கான கருவி ஏற்கெனவே உள்ளது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்களில் முழுஉரைத் தேடலுடன் ஒருபொருட்சொல் அகராதியை இணைக்கலாம். அது ஒரு சாதாரண உரைக்கோப்பு. ஒரு வரியில் ஒரு சொல், அதன் அருகில் அதற்கு ஈடான சொல், அவ்வளவுதான். 2019ல் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பில், சொல்லின் விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைக் கண்டறியும் வசதி தமிழுக்கும் சேர்க்கப்பட்டது.

ஆனால், பட்டியல் போட்டால் மட்டும் போதாது. எளிய ஒருபொருட்சொல் அகராதி முழுச் சொல்லையே ஒப்பிடும். ‘தாதியர்’ பட்டியலில் இருந்தாலும் ‘தாதியருக்கு’, ‘தாதியரின்’ ஆகியவற்றை அது அடையாளம் காணாது. வேற்றுமை உருபுகள் ஒட்டிவரும் தமிழில் இது பெரிய குறை. ‘வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்’ போன்ற தொடர்களும் அதற்குள் அடங்கா. அவற்றுக்குச் சொற்களை முதலில் அடிச்சொல்லாக்கி, பிறகு தொடராக ஒப்பிடும் சொற்களஞ்சிய அகராதி வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ‘திங்கள்’ என்றால் நிலவு, மாதம், கிழமை. நிலவுக்கு ஈடாகத் ‘திங்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டால், நிலவைத் தேடுபவர் முன் திங்கட்கிழமைச் செய்திகள் எல்லாம் வந்து குவியும். எதை எதனோடு இணைப்பது என்பதைவிட எதை இணைக்கக்கூடாது என்பதற்கே மொழியறிவு அதிகம் தேவை.

நம் முன்னோருக்கு இது புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்தன. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தனித் தொகுதியில் வைத்தன. ஒருபொருட் பல்சொல் வேறு, பல்பொருள் ஒருசொல் வேறு என்ற அந்தப் பிரிவினைதான் இன்றைய தேடுதளங்களுக்கும் அடிப்படை.

சிங்கப்பூர்த் தமிழுக்கான நிகண்டை வெளிநாட்டு நிறுவனம் எதுவும் நமக்காகச் செய்து தரப்போவதில்லை. தேக்கா என்றால் எந்த வட்டாரம், ‘உணவங்காடி நிலையம்’ எதைக் குறிக்கும் என்பது நமக்குத்தான் தெரியும். கணினி பயிலும் மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யவேண்டிய பணி இது. தாத்தா பாட்டியிடம் கேட்டால் பழைய சொற்கள் கிடைக்கும், ஆசிரியர்கள் சரிபார்க்கலாம், ஆண்டுதோறும் ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவில் தொகுப்பை வெளியிடலாம்.

ஒரு பள்ளி நூறு சொற்களுடன் தொடங்கினாலும் போதும். பாதுகாத்து வைத்த தமிழ், தேடும்போது கைக்குக் கிடைத்தால்தான் பயன் தரும்.