வேளாண் குரூப்பை மூடிட்டாங்க

போன சனிக்கிழமை வாழையில பக்கக்கன்னு வெட்டிக்கிட்டு இருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகள் வந்து வரப்புல நின்னுச்சு. பத்தாவதுல 412 மார்க்.

"பெரியப்பா, நான் வேளாண் குரூப் எடுக்கலாம்னு இருக்கேன். நம்ம பள்ளிக்கூடத்துல இல்லைங்கறாங்களே?"

இல்லைதான். மூடிட்டாங்க.

எங்களுது சின்ன அரசுப் பள்ளி. பிளஸ் டூல இப்ப ரெண்டே குரூப். முன்னாடி தொழிற்கல்விப் பிரிவுல வேளாண்மையும் இருந்துச்சு. 1978ல தமிழ்நாட்டுல பிளஸ் டூ வந்தப்பவே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தேதான் வந்துச்சு. எங்க ஊர்ல சொல்லிக் குடுத்த வாத்தியார் ஓய்வு பெற்றாரு, அந்த இடத்துக்கு ஆள் போடலை. ரெண்டு வருஷம் கழிச்சு, "சேர்க்கை குறைவு"ன்னு சொல்லி மூடிட்டாங்க. வாத்தியாரே இல்லாத வகுப்புல எவன் பிள்ளையைச் சேர்ப்பான்?

இன்னொண்ணும் சொல்லணும், தப்பு எங்க மேலயும் இருக்கு. மார்க் கம்மியா எடுத்தவனை "வேளாண்மையில போடுங்க சார்"னு தள்ளிவிட்டதே நாங்கதான். நானும் என் மகனை அந்தப் பக்கம் விடலை.

ஆனா அந்த குரூப்புல படிச்ச ஒரு தம்பிதான் எனக்கு உரக்கணக்கு சொல்லிக் குடுத்தான். யூரியாவுல தழைச்சத்து 46 சதவீதம். 45 கிலோ மூட்டையில கிட்டத்தட்ட 21 கிலோதான் தழைச்சத்து. மண் பரிசோதனைச் சீட்டுல ஏக்கருக்கு எத்தனை கிலோ தழைச்சத்துன்னு போட்டிருக்கோ, அதை வச்சு எத்தனை மூட்டைன்னு கணக்குப் போடணும். முப்பது வருஷமா நான் பக்கத்துக் காட்டுக்காரர் போட்டதைப் பார்த்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். அவன் சொன்னப்புறம் மூட்டை குறைஞ்சுது, விளைச்சல் குறையலை.

"உயிரியல் குரூப் எடுத்தா பி.எஸ்சி. வேளாண்மை சேரலாமே, அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வேற இருக்கே"ன்னு நகரத்துல இருக்கிற நீங்க கேப்பீங்க. சரிதான், நல்ல திட்டம்தான். மருத்துவத்துக்கு 2020லயும், வேளாண்மை, பொறியியலுக்கு அடுத்த வருஷமும் வந்துச்சு. அந்தச் சீட்டு கிடைக்கிற பிள்ளை நல்லா வரட்டும். கிடைக்காம ஊர்லயே நிக்கிற பிள்ளைக்கு என்ன வழி? பதினேழு வயசுல மண்ணைப் பத்தியும் விதையைப் பத்தியும் ஒழுங்கா நாலு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு வெளிய வர்றதுக்குத்தான் அந்த குரூப். பத்துப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார் கட்டுப்படி ஆகாதுன்னா, சின்னப் பள்ளியில எதுதான் கட்டுப்படி ஆகும்?

வேளாண் குரூப் இருக்கிற பள்ளி 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. ரெண்டு பஸ் மாறணும். சாயங்கால பஸ்ஸை விட்டா அடுத்தது ராத்திரிதான். அவங்க அம்மா முடியாதுன்னுட்டாங்க. அந்தம்மாவையும் குறை சொல்ல முடியாது.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். இதுவரைக்கும் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம், அதுல நாலு பேர் இந்த வருஷம் சேர வேண்டிய பிள்ளைங்களோட அப்பா. காலையில ஏழு மணி பஸ். அந்தப் புள்ளையும் வருதாம்.