கேட்டுச் செய்வதும் கேளாமற் செய்வதும்

பஞ்சாயத்துத் தேர்தல் வந்துவிட்டால் நம் கிராமங்களுக்கு ஒரு மாத காலம் உறக்கம் கிடையாது. சுவரெல்லாம் சின்னம்; திண்ணையெல்லாம் விவாதம். தேர்தல் முடிந்த மறுநாளே ஜனங்கள் ஐந்து வருஷத் தூக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் அவர்களை எழுப்பி, "இன்ன காரியம் செய்யலாமா?" என்று கேட்பது அவசியமா, அல்லது பிரதிநிதிகளே பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

ஸ்விட்ஸர்லாந்தில் கிளாருஸ் என்று ஒரு சின்னஞ்சிறு மாகாணம். சட்டசபையும் நிர்வாக சபையும் அங்கே இல்லாமலில்லை. ஆயினும் வருஷந்தோறும் மே மாதத்தில் பிரஜைகள் திறந்த மைதானத்தில் கூடி, கை தூக்கிச் சட்டம் செய்கிறார்கள். 2006-ஆம் வருஷத்தில், அங்கிருந்த 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசாங்கத்தார் யோசனை கொண்டு வந்தார்கள். கூட்டத்திலிருந்த பிரஜை ஒருவர் பத்துக்கூட வேண்டாம், மூன்று போதும் என்று பிரேரணை செய்தார். கைகள் உயர்ந்தன, மூன்று என்றே முடிவாயிற்று! 2011 முதல் மூன்றுதான். நாற்காலியில் அமர்ந்திருப்பவர்கள் நாற்காலிகளைக் குறைக்க இவ்வளவு துணிவார்களா என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இதைக் கண்டு ஒரேயடியாக மயங்கிவிடவும் கூடாது. அதே நாட்டில் அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்னும் மாகாணத்திலும் இத்தகைய மைதான சபை உண்டு. ஆண்கள் இடையில் வாள் தரித்து வருவார்கள்; வாக்குரிமைக்கு அதுவே அத்தாட்சி. பெண்களுக்கும் அவ்வுரிமை அளிக்கலாமா என்று 1990 ஏப்ரலில் கேட்டபோது, வாள் தரித்த அவ்வீரர்கள் "கூடாது" என்று கை தூக்கினார்கள். அவ்வருஷம் நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குறுக்கிட்ட பிறகே, 1991-இல் பெண்கள் மைதானத்துக்குள் அடி வைத்தார்கள். வெளியே நிற்பவர்களின் உரிமையை உள்ளே நிற்பவர்கள் கை தூக்கி மறுப்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

நம் தேசத்து நியமகிரிக்கு வருவோம். ஒடிசாவிலுள்ள இந்த மலை டோங்ரியா கோந்து மக்களுக்குத் தெய்வம். அதில் பாக்ஸைட் வெட்டியெடுக்க மாகாண சர்க்கார் விரும்பியது. கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நீதிபதியின் முன்னிலையில் 12 கிராமங்களின் சபைகள் கூடின. பன்னிரண்டும் "வேண்டாம்" என்றன. 2014 ஜனவரியில் மத்திய சர்க்கார் அனுமதியை மறுத்தது. அம்மக்கள் சட்டசபைத் தேர்தலிலும் வாக்களித்தவர்கள்தாம். ஆனால் மலையைத் தோண்டலாமா என்று வாக்குச் சீட்டில் எவரும் கேட்டிருக்கவில்லையே!

தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் தினம் தினம் ஊரைக் கூட்ட முடியாது. அவற்றைப் பிரதிநிதிகள் கவனிக்கட்டும். தவறினால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். மலையும் ஏரியும் ஊற்றும் அப்படியல்ல. போனால் எந்தத் தேர்தலும் அவற்றைத் திருப்பித் தராது. அவற்றில் கை வைக்குமுன் ஊரைக் கேட்பதே முறை என்பது நம் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான கிராமங்களில் மறு தேர்தல் நடந்ததோ 2019 டிசம்பரில். இடைக்காலத்தில் தனி அதிகாரிகளின் ஆட்சி. கிராம சபைக்கு மட்டும் பதவிக்காலம் என்பதே இல்லை. ஊர் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர். ஆகஸ்டு 15-ந் தேதியும் அக்டோபர் 2-ந் தேதியும் அது கூடும்போது வீட்டுக்கு இருவராவது, அதில் ஒருவர் பெண்ணாக, போய் உட்கார வேண்டும். கையெழுத்துக்குப் புத்தகம் நீட்டப்பட்டால், எழுதியிருக்கும் தீர்மானத்தை முதலில் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும்.